ஒரு துணைவேந்தரைப் பற்றி
(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் பேசியது)



ஆறாவது செமஸ்டர். மறுநாள் இன்டர்னல் என்பதால் நம்ம லைப்ரரியில் சௌ, மெய்ட்மென்ட், மேஸ் எழுதிய ஹைட்ராலஜி புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஏழாவது அத்தியாயத்தில் ஒரு சமன்பாட்டை ஒட்டி 'சௌ, குழந்தைசாமி, 1971' என்று இருந்தது. அமெரிக்கப் புத்தகத்தில் நம்ம ஊர்ப் பெயர்! பெய்த மழையில் எவ்வளவு, எந்த நேரத்தில் ஆற்றுக்கு வந்து சேரும் என்று கணக்கிடும் பொது மாதிரி அது. சாரிடம் ஓடினேன். "உன் டிகிரியில பேர் போடப்போற யுனிவர்சிட்டிக்கு ஒன்பது வருஷம் வி.சி.யா இருந்தவர்டா" என்றார்.

வா.செ.குழந்தைசாமி 1929-ல் கரூர்ப் பக்கம் வாங்கலாம்பாளையத்தில் பிறந்தவர். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம், கிண்டியில் பேராசிரியர், 1978-79-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர், 1981 முதல் 1990 வரை அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர். இதற்கு நடுவே 'குலோத்துங்கன்' என்ற பெயரில் கவிதை வேறு. 'வாழும் வள்ளுவம்' நூலுக்கு 1988-ல் சாகித்திய அகாதெமி விருதும் வாங்கினார். (நமக்கு லேப் ரெக்கார்டு எழுதவே நேரம் கிடைத்ததில்லை!)

அன்றைய அண்ணா பல்கலைக்கழகம் கிண்டி, ஏ.சி.டெக், குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி என்ற நான்கு இடங்கள்தான். நம்மைப் போன்ற கல்லூரிகள் அதில் சேர்ந்தது 2001-க்குப் பிறகு. பொறுக்கியெடுத்த பிள்ளைகள் படித்த அந்த இடத்தை விட்டு, 1990-ல் அவர் டெல்லிக்குப் போய் ஏற்றது இக்னோவை. 1985-ல் ஆரம்பித்த, தபாலில் பாடம் அனுப்பும் பல்கலைக்கழகம். 1994 வரை அங்கே இருந்தார். தூர்தர்ஷனில் இக்னோ பாடங்கள் வர ஆரம்பித்தது 1991-ல், அவர் காலத்தில்.

அங்கே ஏன் போனார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. 'தபால் டிகிரி' என்றால் நமக்கு இளக்காரம்தானே.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு ஏரி சீரமைப்பு சைட். கலங்கல் நீளத்துக்கு நான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். டிப்ளமோ படித்த சூப்பர்வைசர் அண்ணன் ஒருவர் தாளை வாங்கிப் பார்த்தார். "தம்பி, மேல ரெண்டு ஏரி இருக்கே. அது நிரம்பி வழிஞ்சா அந்தத் தண்ணியும் இங்கதான வரும்? சேர்க்கலையே!" என்றார். அந்த நீளத்தில் கட்டியிருந்தால் முதல் பெருமழைக்கே கரை போயிருக்கும்.

டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்களுக்காக இக்னோவில் இருந்த நீர்வளப் பொறியியல் பி.டெக். படித்தவர் அவர். பகலில் சைட், ராத்திரி ஷெட்டில் படிப்பு; முடிக்க ஏழு வருஷம் ஆனதாம். அவருக்கு 'தபால் பி.டெக்.' என்று பட்டப்பெயர் வைத்ததே நான்தான். அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "தெரியும் தம்பி" என்றார், அவ்வளவுதான்.

2016 டிசம்பர் 10-ம் தேதி குழந்தைசாமி காலமானார். அன்றைக்கு அந்த அண்ணன் போன் செய்தார். "தம்பி, நம்ம வி.சி. போயிட்டாராம்."

அவர் படிக்கும்போதும் சரி, நான் படிக்கும்போதும் சரி, வி.சி.யாக இருந்தது வேறு யாரோ. நான் அதைச் சொல்லவில்லை. "ஆமாண்ணே" என்றேன்.