புதுச்சேரியில் ஒரு பகலுணவு



ஜவ்வாது மலையில் உள்ள நெல்லிவாசல்நாட்டைச் சேர்ந்த மாணவர் ஒருவர், கல்லூரி விடுதியில் தமக்கு நேர்ந்த கூச்சத்தைப் பற்றி ஒருமுறை என்னிடம் கூறினார். "உங்கள் வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள்?" என்று தோழர்கள் கேட்டபோது, சாமைச் சோறு என்று சொல்ல நாணி, நெல்லரிசிச் சோறு என்று சொல்லிவிட்டாராம். அவருக்கு நான் கூறிய மறுமொழியையே இன்று உங்களுக்கும் கூற விரும்புகிறேன்.

புதுச்சேரியில், வியட்நாமிய உணவு பரிமாறும் சாலை ஒன்றில் ஒரு நாள் பகலுணவு உண்டேன். முதலில் 'ஃபோ' வந்தது. எலும்பை நெடுநேரம் கொதிக்க வைத்து, சுட்ட இஞ்சியும் வெங்காயமும், பட்டையும் கிராம்பும் அன்னாசிப்பூவும் சேர்த்து இறக்கிய தெளிந்த சாறு. அதில் அரிசி மாவினால் செய்த பட்டை இழைகள். பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் பச்சிலைகள், எலுமிச்சைத் துண்டு. உப்பும் புளிப்பும் அவரவர் விருப்பம்போல் கூட்டிக்கொள்ளலாம். அடுத்து வந்தது 'சா யோ'. இறைச்சிக் கொத்தை மெல்லிய அரிசித் தாளில் சுருட்டிப் பொரித்த பண்டம் அது. அதைப் புதினாவோடு கீரையிலையில் பொதிந்து, மீன்சாற்றில் தோய்த்து உண்ணவேண்டும். நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்பிலிட்டுப் பல மாதங்கள் ஊறவைத்து வடிப்பதே அச்சாறு.

இவ்வுணவு கடல் கடந்து புதுச்சேரிக்கு வந்தது எவ்வாறு? வியட்நாமும் புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில், புதுச்சேரி, காரைக்கால் தமிழர் பலர் சைகோனுக்கு அலுவல் நாடிச் சென்றனர். சிலர் அங்கேயே மணம் புரிந்தனர். 1954ஆம் ஆண்டில் இரு நாடுகளிலும் பிரெஞ்சு ஆட்சி முடிவுக்கு வந்தது. 1975இல் சைகோன் வீழ்ந்தது. இம்மாறுதல்களினூடே தாயகம் திரும்பிய குடும்பங்களில், வியட்நாமியத் தாய்மார்கள் தங்கள் அடுப்பங்கரை வழக்கத்தைக் கைவிடவில்லை. அயலார் நகைப்பார்களே என்று அவர்கள் ஒளித்திருந்தால், நான் அன்று அந்த உணவை உண்டிருக்க முடியாது.

சாமையும் அத்தகைய செல்வமே. மழையை மட்டுமே நம்பி, மலைச்சரிவில் விளையும் தானியம் அது. தீட்டிய நெல்லரிசியைவிட நார்ச்சத்து மிகுந்தது. அதைக் குத்தி, உமி போக்கி, பதமாக வடிக்கும் கைத்திறன் மூதாட்டிகளிடம் இருக்கிறது. அதை ஏட்டில் படித்து மட்டும் பெற முடியாது. அருகிருந்து பார்த்தே பழகவேண்டும்.

ஆகவே, விடுமுறைக்கு வீடு செல்லும்போது உங்கள் பாட்டியின் அடுப்படியில் சற்று நேரம் அமருங்கள். திரும்பும்போது உங்கள் தோழருக்கும் ஒரு பிடி கொண்டு வாருங்கள்.