சாலையில் கிடந்த தொழிலாளி



1955-ல் ஸ்பெயினில் பிராங்கோவின் பாசிஸ்ட் சர்வாதிகாரம் நடந்தது. அந்த ஆட்சியின் மூக்கின் கீழேயே கம்யூனிஸ்ட் டைரக்டர் ஹுவான் அந்தோனியோ பார்டெம் எடுத்த மர்மப்படம் ‘ஒரு சைக்கிள்காரனின் மரணம்’.

கதை என்ன? கணவனுக்குத் தெரியாமல் ஒரு சீமாட்டி பேராசிரியன் ஒருவனுடன் காரில் வருகிறாள். கார் ஒரு சைக்கிள் தொழிலாளி மீது மோதுகிறது. அவனுக்கு உயிர் இருக்கிறது. ஆனால் உதவிக்கு ஆளை அழைத்தால் இரகசியம் அம்பலமாகுமே! சாகட்டும் என்று விட்டுப் போகிறார்கள்.

பிறகு பேராசிரியனின் மனச்சாட்சி விழிக்கிறது, சரணடைவோம் என்கிறான். அவனையும் காரேற்றிக் கொல்கிறாள் சீமாட்டி. தப்பியோடும் வழியில் கார் கவிழ்கிறது. அவளைக் கண்டது யார்? இன்னொரு சைக்கிள்காரன்! அவன் உதவி தேடி விரைகிறான்.

இரு வர்க்கங்களின் குணம் இதுதான்!

கேன்ஸ் விழாவில் விமர்சகர் பரிசு பெற்ற பார்டெமை 1956-ல் பிராங்கோ சிறையில் தள்ளினான். உலகெங்கும் கண்டனம் எழுந்தது, விடுதலையானார். நம் மன்றங்கள் இப்படத்தைத் திரையிட வேண்டும்.