கனவில் எழாத கால்

திருகோணமலைத் துறைமுகத்தின் உட்பகுதி ஆழத்திற்கும் அமைதிக்கும் பெயர் பெற்றது. ஆயினும் அதன் தெற்கே, கொட்டியாரக் குடாவை அடுத்த மூதூர், கிண்ணியாக் கரைகளில், 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள்ளே புகுந்தது. இத்தகைய பேரிடரிற் பிழைத்தவர்களுள் சிலருக்கு அலை ஒருமுறை வந்ததோடு நின்றுவிடுவதில்லை. உறக்கத்திலே மீண்டும் மீண்டும் வருகின்றது. நீர் எழுகின்றது, ஓட முயல்கின்றார், கால் எழவில்லை. பிள்ளையைக் கூவி அழைக்க வாய் திறக்கின்றார், ஓசை பிறக்கவில்லை. விழித்த பின்னரும் சில கணம் உடல் கல்லாய்க் கிடக்கின்றது. இதனையே நம்மவர் பேய் அமுக்கியது என்பர்.

பேய்க்கு இங்கே வேலையில்லை. 1953ஆம் ஆண்டு சிக்காகோவில் அசரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறங்குவோரின் மூடிய இமைக்குள்ளே விழிகள் விரைந்து அசையும் வேளைகள் உண்டென வெளியிட்டனர். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அவ்வேளையிலேயே தோன்றுகின்றன. 1959இல் பிரான்சு நாட்டு அறிஞர் மிஷேல் ஷுவே, பூனைகளை ஆராய்ந்து, அவ்வேளையில் உடற்றசைகள் முற்றும் தளர்ந்துவிடுவதைக் காட்டினார். மூளைத்தண்டே தசைகளுக்குச் செல்லும் கட்டளையைத் தடுத்துவிடுகின்றது. கனவில் ஓடுபவர் பாயைவிட்டு எழுந்து ஓடாதிருக்க இயற்கை வைத்த பூட்டு இது என்னலாம். மூச்சை இயக்கும் தசைக்கும் விழிக்கும் மாத்திரம் விலக்கு உண்டு.

அந்த விலக்கே ஒரு வாயிலாயிற்று. "இது கனவு" என்று கனவுக்குள்ளேயே அறிந்துகொள்வோர் உண்டு. அதனைத் தெளிகனவு எனலாம். 1975ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்ன் என்பவரின் ஆய்விலே, அலன் வோஸ்லி என்பவர் உறங்கியபடியே, முன்னர்ப் பேசிவைத்தவாறு விழிகளை இடமும் வலமுமாக அசைத்துக் குறி காட்டினார். கை கட்டுண்டவன் கண்ணாற் பேசியது போலாயிற்று.

இத்தகைய பயிற்சியுடையோர் கூறும் உபாயம் எளியது. கனவிற் கால் கனத்தால் அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். வலிந்து தள்ளுந்தோறும் கட்டு இறுகுவதாகவே தோன்றும். நடப்பதை விட்டு மிதக்கலாம். நின்ற இடத்திலேயே சுழலலாம். உள்ளங்கைகளைத் தேய்த்து அவ்வுணர்வில் மனத்தை நிறுத்தலாம். சுழல்வது கனவு கலையாதிருக்க உதவுமென அமெரிக்கரான ஸ்டீபன் லாபேர்ஜ் எழுதியுள்ளார். குரல் எழாவிடின் கூச்சலை விடுத்து, மெல்லப் பேசிப் பார்க்கலாம். விழித்தபின் உடல் அசையாதபோது விரல் நுனியொன்றை மாத்திரம் அசைக்க முயன்று, மூச்சைச் சீராக விட்டிருந்தால், பெரும்பாலும் சில கணங்களிற் கட்டு அவிழும்.

ஆயின் இதனால் துயர் தீருமா? 2006ஆம் ஆண்டு ஒல்லாந்திலே, தீக்கனவால் வருந்திய 23 பேரிடம் செய்த சிறு சோதனையொன்றில், தெளிகனவுப் பயிற்சி பெற்றோர்க்குத் தீக்கனவுகள் குறைந்தன. எனினும் பேரதிர்ச்சியின் மற்றைய அறிகுறிகளில் மாற்றங் காணப்படவில்லை. ஆகவே இதனை முழு மருந்தென்று கொள்ளுதல் தகாது. இரவுதோறும் அஞ்சி விழிப்போர் மருத்துவரை நாடுதலே முறை.

ஓசையின் கதை இன்னும் வியப்புக்குரியது. வெளியே எழும் ஒலி கனவுக்குள் உருமாறி நுழைவதைப் பலரும் அறிவர். துறைமுகத்தில் ஊதும் கப்பற் சங்கு கனவிலே கோயிற் சங்காகலாம். 2021இல் அமெரிக்கா, பிரான்சு, ஜேர்மனி, ஒல்லாந்து ஆகிய நாடுகளின் ஆய்வாளர் தெளிகனவு காண்போரிடம் சிறு கணக்குகளைக் கேட்டனர். எட்டிலிருந்து ஆறு போனால் மீதி எத்தனை என்ற வினாவுக்கு, உறங்கியவர் விழிகளை இருமுறை அசைத்து விடை சொன்னார். இச்சோதனைகளிற் சில வேளை, வெளியிலிருந்து கேட்ட குரல், கனவுக்குள் இருந்த வானொலிப் பெட்டியிலிருந்து வருவதாகவே உறங்கியவருக்குக் கேட்டதாம்.