ஒரு கையெழுத்தின் கனம்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



வடசென்னைக்காரனுக்குக் காக்கித் துணி புதுசு இல்லை. பெரம்பூர் பி அண்டு சி மில்லின் காக்கி பட்டாளத்துக்கே போனது. எங்க ராயபுரத்துத் தெருவுல அந்த மில் சம்பளத்துல வளர்ந்த பிள்ளைகள் உண்டு. 1996இல் மில் மூடப்பட்டது. ஆனால் 1961இல் தொடங்கிய ஆவடி படை உடைத் தொழிற்சாலை இன்றும் சீருடை தைக்கிறது.

இன்று அரசுக்குச் சீருடை சப்ளை செய்ய வேண்டுமானால், உள்நாட்டுப் பொருளுக்கு முன்னுரிமை தரும் 2017ஆம் ஆண்டு மத்திய அரசு ஆணையைப் படித்தாக வேண்டும். 2020 திருத்தப்படி, உள்நாட்டு மதிப்பு 50 சதவீதமாவது இருந்தால்தான் முதல் வகுப்பு சப்ளையர். துறை அமைச்சகம் இதைவிடக் கூடுதலாகவும் கேட்கலாம். கொள்முதல் 10 கோடி ரூபாயைத் தாண்டினால் ஆடிட்டர் அல்லது காஸ்ட் அக்கவுண்டன்ட் சான்று தர வேண்டும். அங்கேதான் என்னைப் போன்றவன் பேனாவைத் திறக்கிறான்.

சில வருஷங்களுக்கு முன் தையல் யூனிட் வைத்திருக்கும் ஒருவர் ஃபைலோடு வந்தார். துணி, நூல், ஜிப் எல்லாவற்றுக்கும் சென்னைக் கடை பில். "ரூபாயில வாங்கினது சார், உள்நாடுதானே?" என்றார். கடைக்காரரின் இறக்குமதிக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஜிப் மட்டுமல்ல, துணியும் கப்பலில் வந்தது. நம்ம துறைமுகத்திலேயே இறங்கியது! உள்ளூர் பில் போட்டால் சீமைத் துணி உள்ளூர்த் துணி ஆகிவிடுமா? கணக்குப் போட்டோம். 50ஐத் தொடவில்லை. நான் கையெழுத்துப் போடவில்லை. பழைய கிளையன்ட், கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவரிடம் தைப்பவர்கள் திருவொற்றியூர், எண்ணூர்ப் பெண்கள். அவர்கள் வேலையை நான் கெடுத்துவிட்டேனோ? யோசித்தேன். பொய்ச் சான்று பிடிபட்டால் இரண்டு வருஷம் வரை டெண்டரில் தடை. அப்போதும் முதலில் வீட்டுக்குப் போவது அந்தப் பெண்கள்தான். இங்கேயே நூற்று நெய்கிறவனோ நியாயமான ஆர்டரை இழந்து நிற்பான்.

அமெரிக்காவில் 1941இல் வந்த பெர்ரி சட்டத் திருத்தம், ராணுவ உடைக்கு இழையே உள்நாட்டில் விளைய வேண்டும் என்கிறது. நம் ஆணை அப்படி அல்ல, மதிப்பைத்தான் அளக்கிறது. வெளிநாட்டு ஜிப் வைத்தது குற்றமில்லை, மறைத்ததுதான் குற்றம்.

தம்பிகளே, தங்கைகளே! நாளைக்கு உங்கள் மேஜைக்கும் இப்படி ஒரு ஃபைல் வரும். பில்லைப் பார்த்தால் போதாது. துணி எந்தத் தறியில் நெய்தது என்று கேளுங்கள். டெண்டர் போடுவதற்கு முன்னாலேயே கேளுங்கள், அப்போது மாற்று வழி இருக்கும்.