கொதிநீரும் வெயிலும் காத்த உணவு

கேரளத்துச் சிறு விவசாயிக்கு மரவள்ளி நெடுங்காலமாக நெல்லுக்கு அடுத்த உணவாக இருந்து வந்துள்ளது. பறித்த கிழங்கோ இரண்டு, மூன்று நாட்களில் கெடத் தொடங்கும். ஆகவே, கிடைத்த விலைக்கு விற்க வேண்டும். இன்றேல் உலர்த்திச் சேமிக்க வேண்டும்.

உலர்ந்த வற்றலுக்கும் பகை உண்டு. காப்பிக்கொட்டை வண்டு முதலியவை அதனைத் துளைத்துப் பொடியாக்கிவிடும். இதற்கு மக்கள் கண்ட வழி எளியது. சீவிய கிழங்கைக் கொதிநீரில் அரைவேக்காடாக்கி, வெயிலில் நன்கு உலர்த்தினர். புழுங்கல் அரிசியைப் போன்றே, வெந்த மாச்சத்து உலர்ந்து இறுகுவதால் வற்றல் கடினமாகிறது. பச்சையாக உலர்த்திய வற்றலைவிட வண்டுகளுக்கு அதிகம் ஈடுகொடுக்கிறது. இடையிடையே மீண்டும் வெயிலில் காய வைப்பதும் வழக்கம். ‘வாட்டு கப்பை’ எனப்படும் இதனைத் தயாரிக்க அண்டை வீட்டாரும் கூடி உழைத்தனர். கர்க்கடக மாத மழையில் வேலையற்ற குடும்பங்களின் பசியை அது தணித்தது.

இம்முறைக்கு விறகும் உழைப்பும் மிகுதியாகத் தேவை என்பது உண்மையே. எனினும், சேமிக்க வல்லவனுக்கே விலை பேசும் வலிமை உண்டு. 1963-இல் திருவனந்தபுரத்தில் அமைந்த மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவியலும், வீட்டு முற்றத்தின் அனுபவமும் இணையுமாறு திட்டங்களை வகுப்பதே அதிகாரிகளின் கடமையாகும்.