பெண்கள் சந்திப்பும் 31ஆம் பிரிவும்

ஜேர்மனியில் பெண்களின் கூட்டு முயற்சிகள் பற்றிப் பேசச் சொன்னார்கள். பெரிய தலைப்பு. நான் இரண்டு விடயங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, எங்கள் பெண்கள் சந்திப்பு. மற்றது, இந்த நாட்டு வதிவிடச் சட்டத்தின் 31ஆம் பிரிவு.

1988இல் ஹேர்ண நகரில் இலக்கியச் சந்திப்பு தொடங்கியது உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டு வருடம் கழித்து, 1990இல், பெண்கள் சந்திப்பும் ஜேர்மனியிலேயே தொடங்கியது. அதற்குத் தலைவர் இல்லை, காரியாலயம் இல்லை. ஒரு ஊரில் இருக்கிற பெண்கள் பொறுப்பெடுத்து நடத்துவார்கள். அடுத்த தடவை வேறு ஊர், பிறகு வேறு நாடு. சீதனம், சாமத்தியச் சடங்கு, சாதி, வீட்டுக்குள் விழும் அடி என்று வெளியில் வாய்திறக்க முடியாதவற்றை அங்கே தமிழில் கதைத்தார்கள். கவிதையும் கட்டுரையுமாக மலர்கள் வந்தன. முதன்முதலாக எழுதியவர்களும் அவற்றில் இருந்தார்கள்.

அதே காலத்தில் ஜேர்மன் பெண்கள் அமைப்புகளும் வேறு நாடுகளிலிருந்து வந்த பெண்களின் அமைப்புகளும் இன்னொரு வேலையில் நின்றன. கலியாணம் செய்து இங்கே வருகிற பெண்ணின் விசா கணவனோடு கட்டப்பட்டிருக்கிறது. 1991இல் நடைமுறைக்கு வந்த வெளிநாட்டவர் சட்டப்படி, தனக்கென வதிவிட உரிமை பெற, பொதுவாக நான்கு வருடம் அவனோடு வாழ்ந்திருக்க வேண்டும். ஆலோசனை நிலையங்களும் பெண்கள் காப்பகங்களும் சேர்ந்து குரல் கொடுத்தன. 2000ஆம் ஆண்டு அது இரண்டு வருடமானது. 2011இல், போலிக் கலியாணங்களைத் தடுக்கிறோம் என்று சொல்லி, மூன்று வருடமாக்கினார்கள். போராடிப் பெற்றதில் ஒரு வருடம் திரும்பப் போய்விட்டது.

ஆனால் இதே பிரிவில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. கணவன் வன்முறை செய்தால் அந்த மூன்று வருடம் முடியும்வரை அவள் காத்திருக்கத் தேவையில்லை. “நான் ஒரு சொல்லுச் சொன்னால் உன்ர விசாவை வெட்டிப்போடுவாங்கள்” என்று மிரட்டப்படுகிற பெண்ணுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அவள் அடியை வாங்கிக்கொண்டு நாளை எண்ணுவாள்.

யார் அவளுக்குச் சொல்வது? 2013 முதல் இலவச உதவித் தொலைபேசி ஒன்று இயங்குகிறது; அதன் இலக்கம் இப்போது 116 016. இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம். ஜேர்மனோடு பதினெட்டு மொழிகளில் பேசுகிறார்கள். அந்தப் பட்டியலில் தமிழ் இல்லை. 2014இல் புலம்பெயர்ந்த பெண்களின் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து ‘டாமிக்ரா’ என்ற கூட்டமைப்பை உருவாக்கின. அப்படியான இடங்களில் நாங்கள் எத்தனை பேர் போய் இருந்திருக்கிறோம் என்று இந்தக் கூட்டத்தில் கேட்க விரும்புகிறேன்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. எங்கள் வீட்டுச் சங்கதியை ஜேர்மன்காரரிடம் கொண்டுபோனால், “இந்த ஆட்கள் இப்படித்தான்” என்று எங்கள் முழுச் சமூகத்தின்மேலும் முத்திரை குத்துவார்கள் என்பது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் இந்த நாட்டின் கதையும் அப்படியொன்றும் பழையதல்ல. கலியாணத்துக்குள் நடக்கும் வல்லுறவை ஜேர்மன் சட்டம் குற்றமாக்கியது 1997இல்தான். அதுவும் கட்சிகளைத் தாண்டிப் பெண் உறுப்பினர்கள் சேர்ந்து நின்றதால். வன்முறைக்கு உள்ளான பெண்ணுக்குப் பாதுகாப்பும் ஆலோசனையும் கேட்க உரிமை உண்டு என்ற சட்டம் 2025இல் நிறைவேறியது. அந்த உரிமை 2032இல்தான் நடைமுறைக்கு வரும். அவர்களும் இன்னும் போராடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் தலைகுனிந்து போகத் தேவையில்லை. சக போராளிகளாகப் போகலாம்.

சந்திப்பில் நாங்கள் கதைக்கக் கற்றுக்கொண்டோம். அந்தக் கதை சட்டத்தின் வாசல்வரை போக வேண்டும். என் வேண்டுகோள் சின்னது. அடுத்த சந்திப்பில் அரை மணி நேரம் ஒதுக்கி 31ஆம் பிரிவைத் தமிழில் வாசிப்போம். அடுத்த மலரின் பின்னட்டையில் அந்தத் தொலைபேசி இலக்கத்தைப் போடுவோம். எடுக்கிற பெண்ணுக்கு மொழிபெயர்க்க எங்கள் ஊர்களில் யார் முன்வருவார்கள் என்று ஒரு பட்டியல் எழுதுவோம். என் பெயரை முதலில் எழுதுங்கள்.

கேள்விகள் இருந்தால் கதைப்போம்.