கடல்லயும் கொள்ளை, கைப்பேசியிலயும் கொள்ளை: இணைய அணித் தோழர்களிடம் சில வார்த்தைகள்

(குமரி மாவட்ட இணைய அணிப் பயிற்சி முகாமில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்னைக்கு ஒரு சொல்லைப் பத்திப் பேசப்போறேன். ‘கொள்ளையன்’.

2012 பிப்ரவரி 15. கேரளக் கடற்கரைக்கு அப்பால் ‘செயின்ட் ஆன்டனி’ன்னு ஒரு மீன்பிடிப் படகு. ‘என்ரிகா லெக்சி’ என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலுக்குக் காவலா இருந்த கடற்படை வீரர்கள் அந்தப் படகைச் சுட்டாங்க. இரண்டு மீனவர்கள் செத்துப்போனாங்க. ஒருத்தர் கொல்லத்துக்காரர். இன்னொருத்தர் நம்ம குமரி மாவட்டத்துப் பிள்ளை. காரணம் கேட்டா, ‘கடற்கொள்ளையர்னு நினைச்சோம்’னு சொன்னாங்க. ஒன்பது வருஷம் கழிச்சு, 2021ல 10 கோடி ரூபாய் இழப்பீட்டோட உச்ச நீதிமன்றம் வழக்கை முடிச்சு வெச்சது. போன உயிர் போனதுதான்.

அப்போ கடற்கொள்ளை பொய்யா? இல்லை. 2010ல ‘அஸ்பால்ட் வென்ச்சர்’ கப்பலை சோமாலியக் கொள்ளையர்கள் பிடிச்சாங்க. அதுல 15 இந்திய மாலுமிகள். 2011ல பிணைத்தொகை கிடைச்ச பிறகும் ஏழு பேரை விடலை. ‘உங்க நாடு பிடிச்சு வெச்சிருக்கிற எங்க ஆட்களை விடுங்க’ன்னாங்க. அந்த ஏழு பேரும் விடுதலை ஆக 2014 அக்டோபர் கடைசி ஆயிடுச்சு. நாலு வருஷம்! எத்தனை வீட்டுல அடுப்பு எரியாமக் கிடந்திருக்கும்?

இது எங்கிருந்து முளைச்சது? 1991ல சோமாலியாவில அரசு சரிஞ்சது. கேட்க நாதியில்லாத கடல்ல அந்நிய இழுவைப் படகுகள் வந்து மீனை வாரிட்டுப் போச்சு. ‘எங்க கடலைக் காக்கிறோம்’னு கிளம்பினவங்களும் உண்டு. ஆனா பிணைப்பணத்தின் ருசி தெரிஞ்சதும் அது முதலாளி வெச்சு நடத்துற தொழிலாவே மாறிடுச்சு. வறுமை காரணமா இருக்கலாம், நியாயம் ஆகிடாது. 2024 மார்ச்சில நம்ம கடற்படை ‘ரூயன்’ கப்பலை மீட்டு, 17 மாலுமிகளைக் காப்பாத்தி, 35 கொள்ளையர்களை மும்பைக்குக் கொண்டு வந்தது. அதை நாம மனசாரப் பாராட்டுறோம்.

இனி கையில இருக்கிற கடலுக்கு வருவோம்.

போன மாசம் நம்ம பகுதிக் குழு ஒண்ணுலயே, புதுப்படம் வெளிவந்த அன்னைக்குச் சாயங்காலம், அதோட லிங்க் வந்து விழுந்தது. போட்டவர் நல்ல உழைப்பாளி. கேட்டேன். ‘அண்ணே, டிக்கெட் விலைக்குக் குடும்பத்தோட போக முடியலை’ன்னாரு. அது உண்மையான வலி. அதுக்கு நாம போராடுவோம். ஆனா அந்த லிங்க் யாருக்கு லாபம்? அந்தத் தளத்தைத் திறந்தா என்ன வருது? சூதாட்டச் செயலி விளம்பரம், இல்லைன்னா உங்க போனுக்குள்ள நுழையுற திருட்டுச் செயலி. படத்தை இலவசமாக் கொடுத்துட்டு உங்களை விக்கிறான்.

நட்டம் நடிகருக்கு மட்டும்னு நினைக்காதீங்க. படம் சரியாப் போகலைன்னா அடுத்த படத்துக்கு வேலையில்லாமப் போறது லைட் தூக்குற தொழிலாளி.

ஒரு விஷயத்தைத் தெளிவாப் பிரிச்சுப் பாருங்க. கடல்ல ஆளைத் துப்பாக்கி முனையில பிடிக்கிறதும், போன்ல படம் பார்க்கிறதும் ஒண்ணு இல்லை. ரெண்டையும் ஒரே தராசுல வைக்கிறது அநியாயம். 2004லயே தமிழ்நாட்டுக் குண்டர் சட்டத்துல ‘வீடியோ கொள்ளையரை’யும் சேர்த்தாங்க, ஓராண்டு வரை தடுப்புக் காவல். 2023ல திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறை. சட்டம் வேணும். ஆனா தெருவோரம் சி.டி. வித்தவன் மேல மட்டும் அது பாய்ஞ்சு, விளம்பரப் பணத்தை அள்ளுறவன் தப்பிச்சான்னா, அது சுறாவை விட்டுட்டு நெத்திலியைப் பிடிக்கிற கதை.

படைப்பை மக்களுக்குக் கொடுக்க நேர்மையான வழி இருக்கு. 1949ல பாரதியின் எழுத்தை இந்த மாநிலத்து அரசு மக்களுடைமை ஆக்கிச்சு. அதுல யாரும் திருடலை, யாரும் ஏமாறலை.

ஆகவே நம்ம கோரிக்கை மூணு:

1. பிணைக்கைதியான மாலுமியின் குடும்பத்துக்கு, அவர் வீடு திரும்புற வரை சம்பளம் நிற்கக் கூடாது.
2. கப்பல்களின் ஆயுதக் காவலர்களுக்கு மீன்பிடிப் படகை அடையாளம் காணும் பயிற்சி கட்டாயம்.
3. திருட்டுத் தளங்களின் விளம்பரப் பணத்தை முடக்கணும். ஏழைக் குடும்பமும் போகிற விலையில் டிக்கெட் வேணும்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்னைக்கு ராத்திரி, நீங்க நிர்வகிக்கிற குழுக்களைத் திறந்து அந்த மாதிரி லிங்க் இருந்தா நீக்குங்க. ‘எங்களைக் கொள்ளையன்னு சொல்லாதே’ன்னு கடலைப் பார்த்துக் கேட்கிற உரிமை நமக்கு இருக்கு. அதைக் கேட்கிற கை சுத்தமா இருக்கட்டும்.



#மீனவர்_உயிர்காப்போம் #உழைப்பைத்_திருடாதே